நண்பகல் அறிக்கை

காட்டுப்பள்ளித் துறையில் காலை ஆறரைக்கே
இரும்பு சுடுகிறது.
சுத்தியலால் ஒவ்வொரு ஷேக்கிளாகத் தட்டிப் பார்க்கிறேன்.
நல்ல இரும்பு மணி மாதிரிப் பேசும்,
விரிசல் விட்டது
தொண்டை கட்டியவன் மாதிரி.
பதினோரு ஷேக்கிள். பதினொன்றும் பேசின.
சுண்ணக்கட்டியால் குறி போட்டேன்.

மிதவை மேல் படுத்திருந்தது ஜாக்கெட்.
நாலு கால், குறுக்கும் நெடுக்கும் குழாய்,
இரண்டாயிரத்து நூறு டன்.
மேற்குக் கடலில் எண்ணெய்க் கிணற்றருகே
எழுந்து நிற்கப் போவது.
"ஜாக்கெட்டை இழுத்துட்டுப் போக ஒரு கப்பலா?"
பக்கத்து வீட்டு மெகருன்னிசா சிரித்த சிரிப்பில்
தையல் ஊசி கைதவறி விழ
இருவருமாய் அரைமணி தேடினோம்.

இழுப்பது சாமந்தி.
யார் வைத்த பெயரோ.
முன்னே உயரம், முதுகு தாழ்வு,
எண்பது டன் இழுவிசை,
பூவின் சாயல் எங்கேயும் இல்லை.
கேப்டன் மச்சாது தூத்துக்குடிக்காரர்.
தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை கொட்டிக் கலக்கியபடி
பேனாவை நீட்டினார்.
நான் கையெழுத்திட்டால்தான் வடம் நகரும்.

இட்டேன்.
அத்தோடு என் பொறுப்பு முடிந்தது
என்கிறது ஒப்பந்தம், நாலாம் பக்கம்.

எண்ணூறு மீட்டர் எஃகு வடம்.
கடலுக்குப் போனபின் கண்ணுக்குத் தெரியாது,
நடுவே தொய்ந்து நீருக்குள் கிடக்கும்.
தொய்யத்தான் வேண்டும்.
அலை தூக்கும்போது நிமிர இடம் வேண்டும் அதற்கு.
விறைத்தது அறும்.
அறுந்தது திரும்பி வரும்போது
யார் நிற்கிறார் என்று பார்ப்பதில்லை.
இரண்டும் தனித்தனியென்று எண்ணி
எவனாவது ஊடே புகுவான்; அதற்குத்தான்
இரவில் கம்பத்தில் மூன்று வெள்ளை, பின்னால் ஒரு மஞ்சள்.
காசிமேட்டில் கேட்டால் சொல்வார்கள்:
மூணு வெள்ளையா, வால் நீளம், சுத்திப் போ.

நாள் இரண்டு. வேகம் 4.1. எல்லாம் நலம்.
நாள் நான்கு. வேகம் 4.4. எல்லாம் நலம்.
தினமும் நண்பகலில் இப்படி ஒரு வரி
ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு வரும்.
இங்கே கத்திரி வெயில்.
எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள்
நேற்று நின்ற இடத்திலேயே நிற்க,
ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் துண்டு விரித்து
சீட்டு ஆடுகிறார்கள்.

நாள் ஏழு. தேவேந்திர முனைக்குத் தெற்கே.
காற்று தென்மேற்கு. வேகம் 1.2.

நாள் எட்டு.
வேகம் மைனஸ் 0.4.

மைனஸ்.
இரண்டு இயந்திரமும் முழு விசையில் உறும
மேற்கே முகம் வைத்து
கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது சாமந்தி.
கூடவே ஒரு குறிப்பு:
வடம் இன்னும் இருநூறு விட்டிருக்கிறேன்.
எல்லாம் நலம்.

அன்றிரவு ஒன்பதாவது ஷேக்கிளின் குரல்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.
எட்டு நினைவிருக்கிறது. பத்தும்.
ஒன்பதைத் தட்டும்போதுதான்
யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினேன்,
திரும்பவும் தட்டினேனா?
இரண்டு மணிக்கு எழுந்து
கரண்டியால் ஜன்னல் கம்பியைத் தட்டினேன்,
குத்துவிளக்கைத் தட்டினேன்,
கேஸ் சிலிண்டரைத் தட்டினேன் (காலி).
சுவருக்கு அந்தப்பக்கமிருந்து
மெகருன்னிசா பதிலுக்குத் தட்டினாள்.
தூங்கு என்றா,
தூக்கம் வரலையா என்றா,
தட்டலில் புரியவில்லை.

நாள் ஒன்பது. மைனஸ் 0.2.
நாள் பத்து. வரி வரவில்லை.
மின்விசிறி சுற்றுவதையே பார்த்துக்கொண்டு
சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மூடினேன்.

நாள் பதினொன்று, மூன்றே கால் மணிக்கு:
வேகம் 0.9.
சர்க்கரை தீர்ந்துவிட்டது.
எல்லாம் நலம்.

முன்னால் கூட்டல் குறி போட மாட்டார்கள்,
நானே பென்சிலால் போட்டேன்.
வீடு திரும்புகையில்
வரிசையில் ஒரு லாரி
தன் நீளத்துக்கு நகர்ந்து நின்றது.
சீட்டைக் கையில் பிடித்தபடி
அதன் பின்னே ஓடினான் ஒருவன்.